கழுத்தளவு பதினாலரை

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நான் போன் செய்தால் மூன்றாவது மணியில் கட் செய்கிறீர்கள். முதல் மணியிலேயே செய்தால்கூட இவ்வளவு கோபம் வராது. யார் என்று பார்த்து, யோசித்து, அப்புறம் வெட்டுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

எனக்கு மூன்று மாதம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த எழுபது கோட்டு விஷயம். காலர் எல்லாம் அரை அங்குலம் தொளதொள என்று விடுதிக்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்களே, அதற்கு நீங்கள் என்னைச் சொன்னீர்கள், நான் உங்களைச் சொன்னேன். காலருக்கு அச்சாக வைத்து வெட்டுகிற பழைய பேப்பர் கட்டிங் கிழிந்துபோய், புதிது போட என் கழுத்தைத்தான் வைத்தீர்கள். எட்டு வருடமாக நம் கடையில் நடுத்தர சைஸ் என்றால் என் கழுத்து, பதினாலு அங்குலம். டேப் எதற்கு என்று துணியை அப்படியே சுற்றி ஊசி குத்தி எடுத்தீர்கள், எப்போதும்போல. "மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னியாடி?" என்று கேட்டீர்கள். "கண்ணு தெரியாதவங்க கத்தரி பிடிக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். அதற்கு நீங்கள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு இவர் வேலை பார்க்கிற ஊருக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் வெட்டியதும் சரி, நான் நின்றதும் சரி. என் கழுத்துதான் பதினாலரை ஆகியிருக்கிறது. மாதப் பரிசோதனைக்குப் போனேன். லேடி டாக்டர் வயிற்றைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்தார். "எச்சில் முழுங்குங்க" என்றார். முழுங்கினேன். "இன்னொரு வாட்டி" என்றார். அப்புறம் ஸ்கேன், அப்புறம் கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதனை. "ஊசிக்கே ஊசியா?" என்று இவர், நீங்கள் எனக்கு வைத்த பேரைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பாவம், பாதியில் நின்றுவிட்டது.

தைராய்டில் கான்சர். இந்த வகை மெதுவாகத்தான் வளருமாம். இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஐந்தாம் மாதம் மறுபடி ஸ்கேன், அப்படியே இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு ஆபரேஷன் என்கிறார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பசிக்கிறது, வாந்தி வருகிறது, மறுபடி பசிக்கிறது.

ஊசி

*

பிப்ரவரி 9

ஊசிக்கு,

கான்சர் என்பதைக் கடைசிப் பத்தியில், கடைக்குப் போனேன் வந்தேன் என்கிற மாதிரி எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். வெட்டு மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்துப் பக்கத்தில் இருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தால், அது வாடிக்கையாளர் கொடுத்த பட்டு.

உன் அண்ணனிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற வண்டியை ஒரே நாளில் இரண்டு தடவை கழுவினார்.

நான் சொன்னதை நீ எழுதாமல் விட்டாய். நானே எழுதுகிறேன். "உனக்குக் கழுத்துல திமிரு ஏறி வீங்கிக் கெடக்குடி" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். டேப் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அது என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறவள், அளவைப் பார்க்காமல் ஆளைத் திட்டினேன். பார்த்திருந்தால் இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். என் வாயில் வசம்பை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

எழுபது காலரையும் பிரித்து, திருத்தி, கொடுத்தாயிற்று. அந்தப் பேச்சு இனி வேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மெதுவாக வளரும், காத்திருக்கலாம் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. துணியில் பூச்சி விழுந்திருந்தால் அந்த இடத்தை அன்றே வெட்டி எறிவோமா, ஆகட்டும் பார்க்கலாம் என்று மடித்து வைப்போமா? பிள்ளை பிறகும் பெற்றுக்கொள்ளலாம். உனக்கு இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது. முதலில் நீ இரு.

அண்ணி

*

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. "பிறகும் பெற்றுக்கொள்ளலாம்" என்ற வரி இவர் கண்ணில் படாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இது தையல் ஆர்டர் இல்லை, இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம் என்று சொல்வதற்கு. பிள்ளையைக் கலைத்தாலும் கட்டி கரையாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆமாம், அதையும் நான் கேட்டேன். இவர் மருந்து வாங்க வெளியே போனபோது கேட்டேன். கேட்டேன் என்பதே எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் வேறு எழுதாதீர்கள்.

*

பிப்ரவரி 21

ஊசிக்கு,

அந்த வரியை அடித்திருக்க வேண்டும். பயத்தில் எழுதிவிட்டேன். பயந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடுகிறது.

பார்சலில் நாலு மேல்சட்டை இருக்கிறது. கழுத்தை அகலமாக வைத்திருக்கிறேன், இந்தத் தடவை வேண்டுமென்றே. பக்கவாட்டில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். வயிறு பெரிதாகப் பெரிதாகப் பிரித்துவிட்டுக்கொள். நீலச் சட்டை சாயம் போகும், தனியாகத் துவை.

அண்ணி

*

மார்ச் 25

அண்ணிக்கு,

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நேற்று ஸ்கேனுக்குப் போனேன். வயிற்று ஸ்கேன் முதலில். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறது, உங்கள் வீட்டுச் சோபாவில் அண்ணன் படுக்கிற மாதிரி. பெண்ணா பையனா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் கழுத்து. முதல் ஸ்கேனில் இருபத்து நாலு மில்லிமீட்டர். இப்போது முப்பத்து மூன்று. பக்கத்தில் நெறிக்கட்டிகள் இரண்டு, அதிலும் இறங்கியிருக்கிறது. சர்ஜன் நல்ல மனிதர், படம் போட்டுக் காட்டினார். "நான் முதல்ல காத்திருக்கலாம்னுதான் சொன்னேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். இருபத்து நாலாம் வாரத்துக்குள் செய்துவிட வேண்டுமாம். அதாவது மூன்று வாரத்துக்குள். அதற்கு மேல் போனால் மயக்க மருந்தினால் பிரசவ வலி சீக்கிரமே வந்துவிடும் பயம் அதிகம்.

நான் அவரிடம், பிரசவத்துக்குப் பிறகே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

இவருக்குத் தெரியாது. புதுச் சாலை அளக்கிற வேலை, பத்து நாள் முகாமில் இருக்கிறார். "ஸ்கேன் என்னாச்சு?" என்று கேட்டார். "கையத் தூக்கிட்டுப் படுத்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

அண்ணி, போன வாரம்தான் இது முதல் தடவையாக உதைத்தது. உதைக்கிற பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு நான் எப்படி மயக்கத்தில் போய்ப் படுப்பேன்? நான் தூங்கிவிட்டால் அதை யார் பார்த்துக்கொள்வது? நீங்கள் சிரிப்பீர்கள். இது எனக்கு நிஜமாகவே வருகிற கேள்வி. உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

ஊசி

*

மார்ச் 29

ஊசிக்கு,

சிரிக்கவில்லை.

இந்தத் தடவை செய், செய்யாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை சூடு பட்டவள். நம் கடையில் வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுப்பாரே, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, கை நீளமாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் கூடுதல் துணி விடுவோமே, அவரைத் தேடிப்போனேன். மூன்று கேள்வி கேட்டேன். பதிலைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று. பிள்ளைக்கு ஆபத்து உண்டா? "இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேங்க. ஆனா அஞ்சாவது, ஆறாவது மாசம்தான் இருக்கறதுலயே நல்ல நேரம். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்."

இரண்டு. தள்ளிப்போட்டால்? "மெதுவா வளருதுன்னாதான் தள்ளலாம். இவங்களுக்கு வளர்ந்திருக்கு, பரவியிருக்கு. நான் அவங்க இடத்துல இருந்தா தள்ள மாட்டேன்."

மூன்றாவது உன் கேள்வி. நீ தூங்கும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அவரும் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் நான் இருக்கேன். தாய் தூங்கும்போது பிள்ளையும் கொஞ்சம் தூங்கும். முன்னாடியும் பின்னாடியும் இதயத் துடிப்பக் கேப்போம். நான் அந்த அறைய விட்டு ஒரு நிமிஷம் வெளிய போக மாட்டேன்" என்றார். உன் ஆஸ்பத்திரியிலும் அந்த வேலைக்கு ஓர் ஆள் இருப்பார். நேரில் பார்த்து இதையே கேள்.

அவ்வளவுதான் நான் கேட்டது. முடிவு உன்னுடையது. ஆனால் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்பு. ஊரில் ரோட்டை எல்லாம் அளக்கிறவர், தன் வீட்டில் நடப்பது தெரியாமல் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன். இதில் மட்டும் அடித்து எழுத ஒன்றுமில்லை.

எந்த நாள் என்று எழுது. கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். சண்டை போட மாட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நீங்கள் பஸ் ஏறிப் போனதும் அடுத்த கட்டில்காரம்மா, "ஒங்க அம்மாவா?" என்று கேட்டார். "அண்ணன் பொண்டாட்டி" என்றேன். நம்பவில்லை. நாத்தனாருக்கு எட்டு நாள் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கிற அண்ணியை அவர் பார்த்ததில்லையாம். நீங்கள் சண்டை போடாமல் இருந்ததைத்தான் நான் பார்த்ததில்லை. நர்ஸ் கழுத்துக் கட்டைக் கோணலாக ஒட்டியபோது உங்கள் வாய் திறந்து மூடியதை நான் கவனித்தேன்.

குரல் இன்னும் கரகரப்புதான். பாதிப் பேச்சுக் காற்றாகப் போகிறது. ஆறு வாரத்தில் திரும்பும் என்கிறார்கள். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் கால்சியம் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அது ஆயுசுக்கும். பிள்ளை வழக்கம்போல உதைக்கிறது. ஆபரேஷன் முடிந்து முதலில் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு நினைவில்லை. "துடிக்குதா?" என்று கேட்டேனாம், குரலே வராமல், உதட்டை மட்டும் அசைத்து. இவர்தான் சொன்னார்.

சோதனை முடிவு வந்துவிட்டது. எடுத்த நெறிக்கட்டிகளில் ஆறில் இருக்கிறது. அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஒரு மருந்து குடிக்க வேண்டும். கதிர் வீசுகிற அயோடின். கான்சர் எங்கே மிச்சம் இருந்தாலும் தேடிப்போய்க் கொல்லுமாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கவே கூடாது. பால் கொடுக்கிறவளும் குடிக்கக் கூடாது. இரண்டு மாதம் முன்பே பாலை நிறுத்திவிட வேண்டும். குடித்த பிறகு என் உடம்பிலிருந்தே கதிர் வருமாம், மூன்று வாரம் பிள்ளையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்கக் கூடாது.

மூன்று மாதம் பால் கொடுத்துவிட்டு நிறுத்துகிறேன் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். அந்த மூன்று வாரம்தான். இவருடைய அம்மா நடமாட்டமில்லாமல் இருக்கிறார். உங்களுக்குக் கடை இருக்கிறது, எனக்குத் தெரியும்.

ஊசி

*

மே 1

ஊசிக்கு,

"எனக்குத் தெரியும்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது கேட்பது ஆகாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும். குரல் இல்லை என்ற சாக்கு கடிதத்துக்குச் செல்லாது.

பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன். கடையில் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் தொட்டில். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகினால் நாளைக்கு எந்த ஊரிலும் தூங்கும்.

ஒரு நிபந்தனை. பேர் வைப்பது நீங்கள் இரண்டு பேரும். ஆனால் கூப்பிடுவது நான் வைக்கிற பேர்.

அண்ணி

*

நவம்பர் 6

அண்ணிக்கு,

குண்டூசிக்கு நேற்றோடு பால் நிறுத்தியாயிற்று. மாத்திரை கொடுத்தார்கள், மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கல் மாதிரி இருக்கிறது. அவள் புட்டிப்பாலை ஒரு சுற்று முகம் சுளித்துவிட்டு அப்புறம் ஒழுங்காகக் குடித்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அழாததும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இவர் புட்டியைக் கழுவுகிறார், கொதிக்க வைக்கிறார், மறுபடி கழுவுகிறார்.

ஜனவரி ஏழாம் தேதி மருந்து. அதற்கு முன் நாலு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்துவார்கள். உடம்பு ஈரச்சாக்கு மாதிரி கனக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் தேதி இவர் அவளைக் கொண்டுவந்து உங்களிடம் விடுவார். நான் வரவில்லை. வந்தால் விட்டுவிட்டு வர மாட்டேன்.

ஊசி

*

ஜனவரி 14

ஊசிக்கு,

இனி போன் வேண்டாம். நேற்று உன் குரல் கேட்டதும் போனைப் பிடுங்கி, நக்கிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, நீ இல்லை என்று தெரிந்ததும் வைத்தாள் ஒரு கச்சேரி. கடைக்கு வந்த இரண்டு பேர் அளவு கொடுக்காமலே போய்விட்டார்கள். நான் எழுதுகிறேன். நீ பதில் எழுத வேண்டாம், படுத்துக்கொள்.

எடை ஆறு கிலோ எழுநூறு. ஓவர்லாக் ஓடினால் தூங்குகிறாள், நிறுத்தினால் விழிக்கிறாள். அதனால் வேலை இல்லாவிட்டாலும் ஓட்டுகிறேன். உன் அண்ணன் வீட்டிலேயே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். தூக்கத்தில் அவளும் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் படுக்கிறாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் எனக்கு வேலையே ஓடுவதில்லை.

அண்ணி

*

ஜனவரி 27

ஊசிக்கு,

முப்பதாம் தேதி நீ வருகிறாய். அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். நேரில் எனக்கு வாய் வராது.

போன திங்கட்கிழமை மாப்பிள்ளை பேசினார். உன்னை அளந்து பார்த்தார்களாம், கதிர் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், இன்னும் பத்து நாள் தள்ளிப்போகலாம் என்றார். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். இன்னும் பத்து நாள் இவள் என்னிடம் இருப்பாள் என்ற சந்தோஷம். நீ அங்கே ஓர் அறைக்குள் தனித்தட்டு, தனிப்போர்வை என்று கிடக்கிறாய். நான் இங்கே உன் உடம்பில் விஷம் இறங்காததற்குச் சந்தோஷப்பட்டேன். அன்று முழுக்க நான் கத்தரியைத் தொடவில்லை.

என் பையன்கள் இரண்டு பேரும் கைக்குழந்தையாக இருந்தபோது நான் கடையைத் திறக்க ஓடிக்கொண்டிருந்தேன். யார் யார் கையிலோ வளர்ந்தார்கள். பல் முளைத்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலையில் இருக்கிறார்கள். இவளுக்கு முதல் பல் வெளியே வந்ததை நான் என் விரலால் பார்த்தேன். இதையும் உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். அதற்கும் மன்னித்துவிடு.

நேற்று மறுபடி அளந்ததில் சரியாக இருக்கிறது, வரலாம் என்று சொன்னார்களாம். என் முகம் சுண்டிப்போனதை உன் அண்ணன் பார்த்துவிட்டார்.

உன்னிடம் வந்தால் அழுவாள். என் தோளில் முகத்தைத் தேய்த்துத்தான் இப்போது தூங்குகிறாள். பால் நிறுத்தியதால்தான் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு நீயும் சேர்ந்து அழாதே. இரண்டு நாள் அழட்டும், சரியாகிவிடும். ஆனால் அவள் அழும்போது நான் பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது. அதனால் அவளை உன் மடியில் வைத்ததும் நான் கடைக்குப் போய்விடுவேன். ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். தப்பாக நினைக்காதே.

அண்ணி

*

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நாங்கள் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் காலில் பட்டது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுவிட்டு, "அவசரமா ஒரு வேல இருக்கு" என்று சொல்லித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனீர்களே, பழைய கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். ஐந்து மணி நேரமும் பஸ்ஸில் இவரிடம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு பக்கம் அழுகை, நான் ஒரு பக்கம் திட்டு. பாவம் இவர்.

இரண்டு நாள் இல்லை, ஐந்து நாள் அழுதாள். என் தோளில் முகத்தை வைப்பாள், மோந்து பார்ப்பாள், எடுத்துவிடுவாள். ஆறாம் நாள் வைத்த முகத்தை எடுக்கவில்லை. தூங்கிவிட்டாள். கை மரத்துப்போகும்வரை அசையாமல் நின்றேன்.

நீங்கள் சந்தோஷப்பட்டதைச் சொன்னீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். அந்த அறைக்குள் கிடந்தபோது, அவள் உங்களிடம் ஒட்டவே கூடாது என்று நினைத்தேன். அழுதுகொண்டே இருக்கட்டும், நான் வந்தால்தான் நிறுத்த வேண்டும் என்று. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுதேன். ஆக, தராசில் வைத்தால் நீங்களும் நானும் ஒரே எடைதான்.

மருந்துக்குப் பிறகு எடுத்த படத்தில் கழுத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, வேறெங்கும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பெரும்பாலும் நன்றாகவே வரும் என்கிறார் டாக்டர். வராவிட்டால் மறுபடி மருந்து, மறுபடி மூன்று வாரம். அப்போதும் உங்களிடம்தான் விடுவேன். அதற்கு மேல் எனக்கு ஏதாவது ஆனாலும் அவள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். இவரிடமும் சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டுப் புட்டி கழுவப் போய்விட்டார்.

அதனால் அவள் உங்களை மறக்கக் கூடாது. இந்த ஒரு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு வாருங்கள். அவள் அழுதால் நீங்களே தூக்குங்கள்.

ஊசி